தியான வகுப்பும் நமது தயக்கமும்

பௌத்தம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது இலங்கை அரசியலமைப்பு. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. 1978இலும் அது தொடர்ந்தது. ஆகவே ரெக்சாஸ் கோஃப்மனிலோ, கலிபோர்னியா நோர்த் ஃபோர்க்கிலோ நடக்கும் பத்துநாள் விபஸ்ஸனா முகாமுக்கு நண்பரொருவர் அழைத்தால் நாம் தயங்குவது இயல்பே.

அங்கு நடப்பது என்ன? அதிகாலை நான்கு மணிக்கு எழவேண்டும். பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் தடை. முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனித்தல்; நாலாம் நாளிலிருந்து உடலில் எழும் உணர்வுகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனித்தல். கட்டணம் கிடையாது. முன்னர் முகாமை முடித்தவர்களின் நன்கொடையே செலவைத் தாங்குகிறது.

இதனைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா (1924–2013) மண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வணிகர். அவருக்குக் கற்பித்த ஊ பா கின் பர்மாவின் கணக்காளர் நாயகம். ஊ பா கினின் ஆசிரியரோ ஒரு விவசாயி. மூவரும் இல்லறத்தார். 1885இல் பிரித்தானியர் பர்மிய மன்னராட்சியை வீழ்த்தியபின், சாசனத்தைக் காக்க அரசன் இல்லாத நிலையில், லெடி சயாடோ என்ற பிக்கு பொதுமக்களுக்கும் தியானத்தைக் கற்பித்தார். அரச ஆதரவை இழந்த பௌத்தத்திலிருந்தே இவ்வகுப்புகள் பிறந்தன எனலாம்.

ஆனால் அதே பர்மாவில் 2017இல் ரோஹிங்கியர் துரத்தப்பட்டபோது இத்தியான மரபு அதைத் தடுத்துவிடவில்லை. இதையும் மறக்கலாகாது.

மணிமேகலை பிறந்த மொழியினர் மூச்சைக் கவனிக்கக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. மன அமைதியை அங்கு கற்கலாம். நீதிக்கான வேலை முகாமுக்கு வெளியேதான் இருக்கிறது.