மேஜையில் ஒரு பழைய விண்டோஸ்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில், மாடி அறையொன்றில் இருபது வருஷமாக வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். என் கம்ப்யூட்டரில் நெடுநாள் ஓடியது விண்டோஸ் 7. மஞ்சப்பையில் ஃபார்ம் 16-ஐச் சுருட்டிக்கொண்டு வரும் பென்ஷன்காரர்களின் பழைய கணக்கெல்லாம் அதில்தான்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை 2020 ஜனவரி 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2021 ஜூனில் வரித்துறையின் புதிய போர்ட்டல் வந்தது. கணக்கை ஏற்ற எக்ஸ்எம்எல் போய் ஜேசான் கோப்பு வந்தது. 2023-ல் குரோமும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அப்போதும் நான் மாற்றவில்லை.

2024 ஜூலை 31, கடைசி நாள். ஒரு டீச்சரம்மாவின் கணக்கை ஏற்றும்போது வெள்ளைத் திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. “தம்பி, ஐயாயிரம் ஃபைன் கட்டணுமா?” என்றார். கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, அங்கிருந்த கம்ப்யூட்டரில் முடித்தேன். அவருடைய பான் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் இருந்த கோப்பை அதில் அழித்தேனா? இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாளே ரிச்சி தெருவுக்குப் போய், விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டர் வாங்கினேன். 10 வாங்காததும் நல்லதாயிற்று: விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. பழையது இன்னும் மூலையில் இருக்கிறது, பழைய கணக்கைப் பார்க்க மட்டும். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.