மூன்று ஓட்டைகளை நம்பலாமா? விலை குறைந்த ரைஃபிளும் சின்ன சாம்பிள் செய்யும் வேலையும்

வெள்ளைத்தாளில் மூன்று ஓட்டைகள், ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொட்டபடி. அளவு புரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயம். 'புது ட்ரிகர் போட்டேன், ரிசல்ட்டைப் பாருங்க' என்று ஒரு குரல். அமெரிக்கத் துப்பாக்கி வீடியோக்களில் ஒன்றிரண்டைத் தெரியாமல் கிளிக் செய்திருந்தால்கூட இந்தக் காட்சி உங்கள் ஃபீடில் வந்திருக்கும். வாங்கிய ரைஃபிளின் விலையைவிட அதிகமாக அதன் உதிரி பாகங்களுக்குச் செலவு செய்பவர்கள் அங்கே ஏராளம்.

அந்த மூன்று ஓட்டைகள் நிஜமாகவே எதையாவது நிரூபிக்கின்றனவா? இதுதான் இங்கே கேள்வி. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் இது துப்பாக்கியைவிட அதிகமாக எண்கள் சம்பந்தப்பட்ட விஷயம். போன வாரம் பட்டன் நிறத்தை மாற்றினோம், கிளிக் 20% ஏறிடுச்சு என்று உங்கள் ஆபீஸில் யாராவது ஸ்லைடு போட்டிருந்தால், இது உங்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

எந்தத் துப்பாக்கி?

உதாரணத்துக்கு ரூகர் 10/22-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டர்ம் ரூகர் என்ற அமெரிக்க நிறுவனம் 1964-இல் அறிமுகம் செய்த செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள். ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும். அடுத்த தோட்டா தானாகவே வந்து உட்காரும். சிறிய .22 தோட்டா, பத்துத் தோட்டா மேகசின், விலை சில நூறு டாலர்தான். இதுவரை 50 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

இது இவ்வளவு பேரின் 'ப்ராஜெக்ட்' ஆனதற்கு ஒரு இன்ஜினீயரிங் காரணம் உண்டு. பெரும்பாலான ரைஃபிள்களில் பேரலை மாற்ற வேண்டுமென்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். 10/22-இல் பேரலைப் பிடித்திருப்பது ஒரு சின்ன உலோகத் துண்டும் இரண்டு திருகுகளும்தான். சமையலறை மேஜையில் வைத்தே கழற்றி மாட்டிவிடலாம். பேரல், ட்ரிகர், மரக்கட்டை என்று எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் விற்க ஒரு தனிச் சந்தையே உருவாகிவிட்டது.

(நம்மூரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமல்ல, அதைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும்கூட உரிமம் வேண்டும்.)

'துல்லியம்' என்றால் எது?

சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் குறிக்கு இடதுபக்கம் தள்ளி இருந்தால் அது பெரிய பிரச்சினையே இல்லை. ஸ்கோப்பை நாலு கிளிக் திருப்பினால் சரியாகிவிடும். குண்டுகள் சிதறி விழுவதுதான் நிஜமான தலைவலி. அந்தச் சிதறலைத்தான் இவர்கள் 'குரூப்' என்று அளக்கிறார்கள்: ஒரே குறியைப் பார்த்துச் சில குண்டுகள் சுட்டு, ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள்.

பிரச்சினை இந்த அளவுகோலிலேயே ஆரம்பிக்கிறது. எத்தனை குண்டு சுட்டாலும் அது பார்ப்பது இரண்டே இரண்டு ஓட்டைகளை, அதுவும் மோசமான இரண்டை.

லேப்டாப்பில் ஒரு சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தேன். 50 மீட்டர் தூரத்தில் மூன்று குண்டு சுட்டால் சராசரியாக 25 மில்லிமீட்டர் குரூப் தரும் ஒரு ரைஃபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய அளவு. துப்பாக்கியில் எதையும் மாற்றாமல், அதே தோட்டா, அதே கை என்று திரும்பத் திரும்பச் சுட வைத்தால் என்ன ஆகிறது? ஏறக்குறைய மூன்றில் இரண்டு குரூப்கள் 16 முதல் 34 மி.மீ.க்குள் வருகின்றன. மீதி ஒரு பங்கு அதற்கும் வெளியே. ஐந்து முறை சுட்டு, அதில் சிறந்ததை மட்டும் போட்டோ எடுத்தால் 14, 15 மி.மீ. குரூப் கிடைப்பது சர்வசாதாரணம். அந்த போட்டோதான் உங்கள் ஃபீடுக்கு வருகிறது.

அதே ரைஃபிளில் ஐந்து குண்டு சுட்டால் சராசரி குரூப் 32 மி.மீ. பத்து குண்டு சுட்டால் 40. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, குண்டு கூடக் கூட, எங்காவது ஓரத்தில் போய் விழும் ஒன்று சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒருவர் மூன்று குண்டுக்கும் இன்னொருவர் பத்து குண்டுக்கும் எடுத்த அளவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எனக்கே தூக்கிவாரிப்போட்ட எண் ஒன்று. ஒரு மூன்று குண்டு குரூப் சுடுகிறீர்கள். ஒரு திருகைக் கழற்றி, அதே திருகை அப்படியே திரும்ப மாட்டுகிறீர்கள். மறுபடியும் மூன்று. இரண்டாவது குரூப் முதலாவதைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ 'முன்னேறி' இருக்கும் வாய்ப்பு, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. பத்து குண்டு குரூப்பாக இருந்தாலும் ஐந்தில் ஒரு முறை இது நடக்கும். ஒன்றுமே செய்யாததற்குக் கிடைக்கும் முன்னேற்றம் இது. 200 டாலர் கொடுத்துப் புது ட்ரிகர் வாங்கியவருக்கு அப்படி ஒரு குரூப் வந்தால், அது ட்ரிகரின் மகிமை என்றுதானே சொல்வார்?

அப்படியென்றால் எந்த மாற்றமும் வேலை செய்யாதா?

செய்யும். ஆனால் எல்லாம் ஒரே அளவுக்குச் செய்யாது.

மலிவான செமி-ஆட்டோவில் குண்டுகள் சிதறப் பல காரணங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரைத் தொழிற்சாலையில் கொஞ்சம் தளர்வாகவே குடைவார்கள். மலிவான, அழுக்குப் படிந்த தோட்டாவும் சிக்காமல் உள்ளே போக வேண்டும், காலியான உறை சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் இது. போட்டிகளுக்கான பேரலில் இந்த அறை இறுக்கமாக இருக்கும்; குண்டு நேராக உட்காரும். ஆனால் தோட்டா சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். மரக்கட்டை ஈரத்தில் ஊதினால் பேரல்மேல் அழுத்தம் மாறும். ட்ரிகர் கடினமாக இருந்தால் அழுத்தும்போது கை நகரும். இது சுடுபவரின் பிழை. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுட்டால் பெருமளவு குறைந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி நிற்பது தோட்டா. 50 மீட்டரைக் கடக்க .22 குண்டுக்கு ஏறக்குறைய 0.15 விநாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 செ.மீ. கீழே இழுத்துவிடும். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போனால் கவலையில்லை. மலிவான தோட்டாவில் ஒரு குண்டு மற்றொன்றைவிட விநாடிக்கு 15 மீட்டர் வேகமாகப் போனால், இரண்டும் மேல்கீழாக ஏறக்குறைய 1 செ.மீ. விலகி விழும். 100 மீட்டரில் அது 4 செ.மீ. ஆகிவிடும். எந்தப் பேரலாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியிலும் இதே .22 தோட்டாதான். துப்பாக்கி வேறு, அங்கே செமி-ஆட்டோ கிடையாது. இலக்கின் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டும். அந்த மட்டத்தில் ஆடுபவர்கள் தோட்டாவை எப்படித் தேர்வு செய்கிறார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் ஈலி, ஃபின்லாந்தின் லாபுவா போன்ற தயாரிப்பாளர்கள் நடத்தும் பரிசோதனைக் கூடங்களில் தங்கள் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, ஒரே பெயரில் விற்கும் தோட்டாவையே பேட்ச் பேட்ச்சாகச் சுட்டுப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அந்தப் பேட்ச்சை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு உதவும். சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். ஒரு கற்பனை ரைஃபிளில் தோட்டாவால் 9, பேரலால் 4, ட்ரிகரால் 2 அலகு சிதறல் என்று வையுங்கள். மொத்தம் 15 இல்லை, ஏறக்குறைய 10 (81+16+4-இன் வர்க்கமூலம்). ட்ரிகர் பிழையை மொத்தமாகத் துடைத்தெறிந்தாலும் 10 என்பது 9.85 ஆகும். வெறும் இரண்டு சதவீதம்தான். பேரல் பிழையை முழுதாக நீக்கினால் 8 சதவீதம். தோட்டாவின் 9-ஐப் பாதியாகக் குறைத்தால் போதும், மொத்தச் சிதறல் 37 சதவீதம் விழுந்துவிடும். பெரிய பிழை அப்படியே இருக்கும்போது சின்னப் பிழைகளுக்குச் செய்யும் செலவு தாளில் தெரியவே தெரியாது. உங்கள் டீமின் ஸ்பிரிண்ட் பட்டியலை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

சரி, எப்படித்தான் அளப்பது?

மோசமான இரண்டு ஓட்டைகளை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லா ஓட்டைகளின் மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவது நல்லது. இப்போது ஒவ்வொரு குண்டும் தகவல் தருகிறது. நம் 25 மி.மீ. ரைஃபிளுக்கு இந்தச் சராசரி தூரம் 13 மி.மீ. வரும். இப்படி அளந்தாலும் 20 சதவீத முன்னேற்றத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, மாற்றத்துக்கு முன் 50, பின் 50 குண்டாவது வேண்டும். .22 தோட்டா 50 கொண்ட பெட்டியாகத்தான் பரவலாக விற்கிறது. ஆக, பக்கத்துக்கு ஒரு பெட்டி. நீங்கள் தேடும் முன்னேற்றம் 10 சதவீதம்தான் என்றால் பாதியாகக் குறைந்த அந்த வித்தியாசத்துக்கு நாலு மடங்கு தேவை: பக்கத்துக்கு 200 குண்டு. அதற்கான பொறுமை எத்தனை வீடியோக்களில் இருக்கும்?

'முன்' எல்லாம் காலையில், 'பின்' எல்லாம் மதியம் என்று சுட்டால் காற்றும் வெயிலும் கணக்கில் புகுந்துவிடும். இரண்டு தோட்டாக்களை ஒப்பிடுவதாக இருந்தால் பத்துப் பத்தாக மாற்றி மாற்றிச் சுட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. .22 குண்டின்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். அது பிராண்டுக்கு பிராண்டு வேறு. தோட்டாவை மாற்றியதும் முதல் சில குண்டுகள் பழைய பூச்சின்மேல்தான் ஓடும். அந்தச் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதையும் குரூப்பைப் பார்த்த பிறகு இல்லாமல், சுடத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.