கட்டிய கடனுக்குத் தீர்ப்பு வந்தால்

விதைநெல்லுக்கும் பசளைக்கும் பட்ட கடனை அறுவடை முடிந்ததும் கொடுத்துத் தீர்த்திருப்போம். இடம்பெயர்ந்து அலைந்து சில வருடங்களின் பின் ஊர் திரும்பினால், அதே கடனுக்கு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாகக் கடிதம் வருகின்றது. "கட்டிய காசுதானே, எங்களை என்ன செய்ய முடியும்?" என்று கடிதத்தைக் கூரையிலே செருகி வைக்கக் கூடாது. நாம் பணம் கட்டியது நீதிமன்றத்துக்குத் தானாகத் தெரியவராது. நாமே சொல்ல வேண்டும். அதுவும் உரிய காலத்துள் சொல்ல வேண்டும்.

முதலில் இரண்டு திகதிகளைப் பார்ப்போம். ஒன்று தீர்ப்பின் திகதி, மற்றது நாம் பணம் கட்டிய திகதி.

தீர்ப்புக்கு முன்னரே கட்டியிருந்தால்

அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போயிருக்கலாம். நாம் மன்றுக்குச் செல்லாதபடியால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்திருக்கலாம். அவ்வாறான தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். அது கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், தீர்ப்பை நீக்கும்படி சத்தியக்கடதாசியுடன் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கின்றது. வராமற்போனதற்கு நியாயமான காரணம் இருந்ததென மன்றைத் திருப்திப்படுத்த வேண்டும். முகாமில் இருந்த பதிவு, கிராம அலுவலரின் கடிதம் என்பன இங்கே உதவும். தீர்ப்பு நீக்கப்பட்டால், கடன் கட்டியதை வழக்கிலே எடுத்துச் சொல்லலாம்.

நாம் சமுகமளித்து, விசாரணை நடந்து தோற்றிருந்தால் வழி வேறு. அப்போது மேன்முறையீடுதான் செய்ய வேண்டும். அதற்கான அறிவித்தலை 14 நாட்களுக்குள்ளும் மனுவை 60 நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பின்னர் கட்டியிருந்தால்

எமது மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடன் கொடுத்தவரின் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து, "சரி, முடிந்தது" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிடுகின்றோம். 349ஆம் பிரிவின்படி, பணம் பெற்றவர் அதனை மன்றுக்கு அத்தாட்சிப்படுத்த வேண்டும். அவர் செய்யாவிட்டால் நாமே மனுச் செய்யலாம். மன்று அவருக்கு அறிவித்தல் அனுப்பி, கொடுப்பனவை ஏன் பதியக் கூடாது என்று கேட்கும். அவர் வராவிட்டாலோ, வந்தும் தக்க காரணம் காட்டாவிட்டாலோ அது பதியப்படும். இப்படி அத்தாட்சிப்படுத்தப்படாத கொடுப்பனவை எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஆகவே பற்றுச்சீட்டைப் பெட்டியில் வைத்திருப்பது மட்டும் போதாது.

பற்றுச்சீட்டுத் தொலைந்தால்

இடப்பெயர்வில் கடதாசிகள் எரிந்தும் நனைந்தும் போயின. அதற்காக மனம் தளர வேண்டாம். வங்கியில் கட்டியிருந்தால் கணக்குக் கூற்றை எழுத்தில் கேட்போம். சங்கக் கடனாயின் பேரேட்டைப் பார்க்கக் கேட்போம். கைமாற்றுக் கடனாயின், பணம் கொடுத்தபோது உடனிருந்தவர்கள் சத்தியக்கடதாசி கொடுக்கலாம். அதனைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கலாம்.

பிஸ்கல் வந்தால்

சண்டை பிடிக்க வேண்டாம். எழுத்தாணையைக் கேட்டு, வழக்கிலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் குறித்துக்கொள்வோம். 218ஆம் பிரிவின்படி உடுபுடைவை, படுக்கை, கமக்காரரின் வேளாண்மைக் கருவிகள் ஆகியவற்றைக் கைப்பற்ற முடியாது. பிழைப்புக்கு அவசியமென மன்று கருதும் மாடுகளையும் விதைநெல்லையும் கூட எடுக்க முடியாது. ஆனால் காணிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அன்றைக்கே சட்டத்தரணியை நாடுவோம். வசதியில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்லலாம்.

இனிமேல் கவனிப்போம்

1. தொகை, திகதி, வழக்கிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.
2. தீர்ப்புக்குப் பின் கட்டினால், மன்றில் பதியப்பட்டதா என்று வழக்கேட்டில் பார்ப்போம்.
3. காணி ஈட்டில் இருந்தால், ஈடு நீக்கியதைக் காணிப் பதிவகத்தில் பதிவோம்.
4. இடம் மாறினால் புதிய விலாசத்தைக் கடன் கொடுத்தவருக்கும், வழக்கிருந்தால் மன்றுக்கும் எழுத்தில் அறிவிப்போம்.
5. பத்திரங்களின் பிரதியொன்றை நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வைப்போம்.

வியர்வை சிந்தித் தீர்த்த கடனுக்காக மீண்டும் காணியை இழக்கக் கூடாது. கடிதம் வந்தால் அன்றே பிரித்து, திகதியைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.