மூன்று நாள் அவகாசம், இரண்டு மொழி

ஒரே ஆள் ஒரே கேள்விக்குத் தாய்மொழியில் ஒரு முடிவும், பின்னாளில் படித்த மொழியில் வேறு முடிவும் எடுப்பதை உளவியலில் அயல்மொழி விளைவு என்பார்கள். கடன் வாங்குபவருக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, கேஎஃப்எஸ் எனும் விவரத் தாளை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. கடனின் காலம் ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம். 'புரியும் மொழி' என்பதற்கு அத்தாட்சி, விளக்கிச் சொன்னபின் புரிந்துகொண்டதாக வாங்கப்படும் ஒரு கையெழுத்துதான். உண்மையில் புரிந்ததா என்பதை அந்தக் கையெழுத்து காட்டாது.

ஐடிஐ முடித்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போகும் மாகறல் இளைஞருக்குத் தமிழ்த் தாளும் படிக்க வரும், ஆங்கிலத் தாளும் படிக்க வரும். பைக் கடனுக்கு எதைக் கேட்டு வாங்குவது என்பதே வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சார் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. ஆறு லட்சம் பேருக்கு நோய். ஒரு மருந்து இரண்டு லட்சம் பேரை உறுதியாகக் காப்பாற்றும். இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லோரையும் காப்பாற்றும். தவறினால் ஒருவரும் மிஞ்சமாட்டார். 'பிழைப்பார்கள்' என்று கேட்டபோது தாய்மொழியில் பலர் உறுதியானதையே எடுத்தார்கள். அதே கணக்கை 'நான்கு லட்சம் பேர் இறப்பார்கள்' என்று மாற்றிக் கேட்டதும் உறுதியானதை எடுத்தவர்கள் குறைந்தார்கள். அயல்மொழியில் இந்த ஊசலாட்டம் ஏறக்குறைய மறைந்தது.

அப்படியானால் ஆங்கிலத்தில் யோசிப்பதே தெளிவு என்று முடிவு கட்டுவது அவசரம். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளலாமா என்று ஆல்பர்ட் கோஸ்டா குழு 2014இல் கேட்டது. தாய்மொழியில் சுமார் 20 சதவீதமும் அயல்மொழியில் 33 சதவீதமும் தள்ளலாம் என்றனர். இத்தகைய இக்கட்டுகளை 2017இல் சயூரி ஹயகாவா குழு பிரித்து ஆராய்ந்தபோது, அயல்மொழியில் கணக்குப் பார்ப்பது கூடவில்லை. மனம் உறுத்துவதுதான் குறைந்திருந்தது. சிறுவயதில் வாங்கிய திட்டு தாய்மொழியில் காதில் விழுந்தால் தோலில் வியர்வை கூடுவதைத் துருக்கி மொழிக்காரர்களிடம் 2003இலேயே அளந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது குறைவு.

கவலைக்குரிய இடம் இதுதான். தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப்போவார்கள் என்பது தமிழில் வயிற்றைக் கலக்கும். ஆங்கிலத்தில் பத்தோடு பதினொன்றாக ஒரு நிபந்தனையாகிவிடும். கடன் விஷயத்தில் அந்தக் கலக்கம் தேவை. எனவே நிபந்தனைகளைத் தமிழில் படிப்பதே பாதுகாப்பு. மயங்காமல் இருக்க, 'குறைந்த தவணை' என்ற விளம்பர வாசகத்தை வேண்டுமானால் ஆங்கிலத்தில் படித்துப் பார்க்கலாம்.

கடைசியாகச் சில கேள்விகள். அரைகுறை ஆங்கிலமும் அயல்மொழி விளைவில் சேருமா? தாளே புரியவில்லை என்றால் சேராது, அது புரியாமை.

இரு மொழியிலும் சிறுவயதிலிருந்தே புழங்கியவர்களுக்கு? விளைவு மங்கக்கூடும்.

தாளில் இல்லாத கட்டணத்தைப் பிடிக்கலாமா? வாங்கியவரின் வெளிப்படையான சம்மதமின்றிக் கூடாது.

கிரெடிட் கார்டு பாக்கிக்கு இந்தத் தாள் உண்டா? இல்லை.