பிழையை எழுதி வைக்கும் ஆஸ்பத்திரி

1990-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மலேசியாவில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குச் சுமார் 20 தாய்மார் இறந்தார்கள். மறு ஆண்டே அந்த எண் 44 ஆனது. இடையில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை, ஆஸ்பத்திரிகள் எதையும் மூடவில்லை. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, அதற்குப் பின் 42 நாளுக்குள்ளோ இறந்த ஒவ்வொரு பெண்ணின் சாவையும் தேடிப் பிடித்து, அவள் ஏன் இறந்தாள் என்று ஆராயும் வேலையைச் சுகாதார அமைச்சு 1991-இல் தொடங்கியது. அவ்வளவுதான். அதுவரை வேறு காரணங்களுக்குள் ஒளிந்திருந்த சாவுகள் அப்போதுதான் வெளியே வந்தன.

எண்ணிக்கை கூடியதைக் கண்டு மிரண்டு விசாரணையை நிறுத்தியிருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அமைச்சு நிறுத்தவில்லை. விசாரணைக் குழுவுக்குப் போகும் தாளில் இறந்தவரின் பெயரோ, பார்த்த டாக்டரின் பெயரோ, தாதியின் பெயரோ இருக்காது. யாரைத் தண்டிப்பது என்பதைக் குழு பார்ப்பதில்லை. இரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் கழித்துக் கவனித்தார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, இரத்தம் இருந்ததா, எந்த இடத்தில் பிடித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நோயாளிப் பாதுகாப்பு என்று இன்று உலகம் பேசுவதன் உயிர்நாடி இந்தக் கேள்விமுறைதான்.

கோல சிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் வைத்து இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. மக்கள் ஏன் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சிகிச்சையைத் திருத்தும் வழக்கம் மலாயாவில் வேர்விட்ட இடங்களில் இந்தக் கரையோரமும் ஒன்று. எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1901-இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அதே ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) ஆட்கள் மலேரியாவில் விழுந்துகொண்டே இருந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பை வடிக்க வாய்க்கால் வெட்டச் சொன்னார், புதரை வெட்டச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர்.

பிறகு காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருந்த குழந்தைகளை வரிசையாக நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப மலேரியா வந்திருக்கிறது என்று பொருள். காட்டை ஒட்டிய லயங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. காட்டிலிருந்து அரை மைல் தள்ளிய லயங்களில் அது மிகக் குறைவு. ஆகவே சமவெளியில் காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டினால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்.

அதே வைத்தியத்தை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடிவிட்டது. நிழலில் வளரும் கொசு ஒன்று, வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் கொசு இன்னொன்று. மரத்தை வெட்டியதும் மலைச்சரிவு ஓடைகளில் வெயில் விழுந்து இரண்டாவது கொசு பெருகியது. இதை வாட்சன் மறைக்கவில்லை. 1911-இல் வெளியான தம் நூலில் எழுதினார், மேட்டு நிலத்துக்கு நிலத்தடிக் குழாய் வடிகாலை முயன்றார். ஓரிடத்தில் குணமாக்கியது இன்னோரிடத்தில் கேடு செய்யும் என்பதை அவருக்குக் காட்டியது அந்தப் பிள்ளைகளின் மண்ணீரல் கணக்குதான்.

இந்த எண்ணிக்கை முழுக்க மனிதாபிமானத்தால் நடந்தது என்று எழுதுவது நேர்மை ஆகாது. கப்பலில் கொண்டுவந்த கூலியாள் செத்தால் துரைக்கு நட்டம். 1911-இல் மலாய்க் கூட்டாட்சி மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்குச் சுமார் 63 பேர் ஒரே ஆண்டில் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள். இத்தகைய சாவுக்கணக்குகள் அரசாங்க அறிக்கையில் அச்சானதும் ஒரு காரணமாகத் தோட்ட ஆஸ்பத்திரியும், டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளரும், நல்ல குடிநீரும் சட்டத்தின் வற்புறுத்தலால் வந்தன.

சுதந்திரத்தை ஒட்டிய காலம் வேறு கதை. 1956-இல் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம், அதற்கு மேல் துணைச் சுகாதார நிலையம், அதற்கும் மேல் தலைமை நிலையம் என்று படிப்படியாகக் கட்டினார்கள். 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இந்த நிலையங்கள் அந்த எண்ணைப் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கீழே இழுத்தன. மலேசியாவும் இலங்கையும் பணக்கார நாடாகும் முன்பே தாய்மாரைக் காப்பாற்றிய நாடுகள் என்று உலக வங்கி 2003-இல் தனி நூலே வெளியிட்டது.

ஆனால் தோட்டத்து வாசல் வரைதான் இந்த அரசாங்கச் சேவை வந்தது. தோட்டம் தனியார் நிலம், தொழிலாளியின் நலத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது சட்டம். கம்பத்துக் கர்ப்பிணியின் வீட்டுக்கு அரசாங்கத் தாதி சைக்கிளில் போனாள். லயத்துப் பெண்ணுக்கு டிரெஸ்ஸரும் தோட்டத்து மருத்துவச்சியும்தான். நல்ல டிரெஸ்ஸர் வாய்த்த தோட்டத்தில் பிள்ளைகள் பிழைத்தார்கள், வாய்க்காத தோட்டத்தில் விதி. அரசாங்க நிலையத்துக்கு இருந்த மேற்பார்வை தோட்ட ஆஸ்பத்திரிகளை அதே உறுதியோடு எட்டவில்லை. 1990-இன் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் மருத்துவ வசதியை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமானதும் இங்கேதான், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில். செம்பனைக்குக் குறைந்த ஆட்கள் போதும். நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போகப் போக, தமிழ்க் குடும்பங்கள் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, காப்பார் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) நகர்ந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது இவர்களுக்கு முதல் வாசல் ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். அடுத்தது தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி. முற்றினால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி, அல்லது 2006-இல் திறந்த சுங்கை பூலோ.

நோயாளிப் பாதுகாப்பு என்றதும் அறுவைக்கூடத்தில் மறந்துவிட்ட கத்தரிக்கோல்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. கிளினிக்கில் நடக்கும் பிழை அப்படிக் கண்ணில் படாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கூ ஈ மிங் தலைமையிலான குழு, 12 அரசாங்கக் கிளினிக்குகளின் 1,753 நோயாளி அட்டைகளைப் படித்து 2012-இல் ஆய்வு வெளியிட்டது. நோயைத் தவறாகக் கணித்தது 3.6 விழுக்காட்டு அட்டைகளில் மட்டுமே. அதற்கு அரசாங்க டாக்டர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சையில், அதாவது மருந்திலும் பரிசோதனையிலும் முடிவெடுப்பதிலும், பிழை இருந்தவை 53.2 விழுக்காடு. எழுத்து புரியாதது, விவரம் விட்டுப்போனது போன்ற பதிவுக் குறைகள் 98 விழுக்காடு. பிழைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தவிர்க்கக்கூடியவை.

இந்த எண்களை நீரிழிவோடு சேர்த்துப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் இருந்து வந்த அறுபது வயது அம்மாவுக்கு நீரிழிவு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று ஒரு பை நிறைய இருக்கும். பைமேல் "செபெலும் மாக்கான்" என்று மலாயில் அச்சிட்டிருக்கும், சாப்பாட்டுக்கு முன் என்று அர்த்தம். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனவர். மாத்திரையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால் நிறம் மாறிவிடும். பழைய வெள்ளையையும் புதிய மஞ்சளையும் இரண்டு மருந்தென்று எண்ணி இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கி விடியற்காலையில் மயங்கி விழுவார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மருந்தைக் கொடுக்கும்போதே "அம்மா, இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீரும். "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள். மருந்தாளரே நோயாளியோடு உட்கார்ந்து மருந்துகளைச் சரிபார்க்கும் தனிக் கிளினிக்குகளைச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. அவை மெதுவான வேலை, வரிசை நீளமாக நிற்கும் நாளில் முதலில் சுருங்குவதும் அவையே.

பையில் இல்லாத மருந்து இன்னும் ஆபத்தானது. மூட்டுவலிக்கு நாட்டு மருந்துக் கடையிலோ தெரிந்தவரிடமோ வாங்கும் ஜாமு என்ற மூலிகைத் தூளைப் பற்றி டாக்டரிடம் பலர் வாயே திறப்பதில்லை. பதிவு பெறாத இத்தகைய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அரசாங்கம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். ஏன் ஏறுகிறது என்று தெரியாத டாக்டர் நீரிழிவு மருந்தைக் கூட்டுவார். பெட்டியில் "எம்ஏஎல்" என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வீட்டில் வைத்திருந்தால் அதையும் கிளினிக்குக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

இன்னொரு சிக்கல் பெயர். முனியம்மா, லெட்சுமி, ராஜு என்ற பெயரில் ஒரே காலையில் ஒரே கிளினிக்கில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பெயரே அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பழைய தோட்டப் பதிவில் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருக்கும். காது மந்தமான முதியவரை "நீங்கள் முனியம்மாவா?" என்று கேட்டால் ஆமாம் என்பார். 2013-இல் அறிவித்த மலேசிய நோயாளிப் பாதுகாப்பு இலக்குகள் பதின்மூன்றில் சரியான நோயாளியை அடையாளம் காண்பதும் ஒன்று. 2021-இல் அவற்றை ஏழாகச் சுருக்கியபோதும் அது நீடித்தது. குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்பது விதி: முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நோயாளியே சொல்ல வேண்டும், தாதி சொல்லி அவர் தலையாட்டக் கூடாது. இரத்தம் ஏற்றும்போது இந்தச் சிறு வேறுபாடு உயிரைக் காக்கும்.

நல்லது நடக்காமல் இல்லை. கர்ப்பிணிகளின் பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் நிறங்கள் அதற்குச் சான்று. வெள்ளை என்றால் தாதி பார்க்கலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் கூடவே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்பத் தாமதிக்கக் கூடாது. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. தாய்மார் சாவு விசாரணையில் தெரிந்த தவறுகள் பயிற்சியாகவும், வழிகாட்டியாகவும் மாறிக் கிளினிக்கை வந்தடைகின்றன. அதன் பலனாக 44 என்ற எண் 2020-இல் 25-ஐ ஒட்டி இறங்கியது. 2021-இல் கோவிட் அதை 68-க்குத் தூக்கியது. அந்த ஜூலையில் கிள்ளான் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் படுக்கை போதாமல் நோயாளிகள் வெளியே காத்துக் கிடந்ததை வட சிலாங்கூர்க் குடும்பங்கள் மறக்கவில்லை. அதே மாதம் 26-ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓய்வின்றி அடுத்தடுத்து முறை பார்க்கும் டாக்டரிடம் பிழை வராது என்று எந்த விதியும் உறுதி தர முடியாது. ஆள் பலம்தான் பாதுகாப்பின் முதல் செலவு.

நடந்த தவறையும் நடக்கவிருந்த தவறையும் ஊழியர்களே எழுதி அனுப்பும் முறை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உண்டு. 2003-இல் தேசிய நோயாளிப் பாதுகாப்பு மன்றமும் அமைந்தது. ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் இளம் தாதி தன் தவறை எழுதத் துணிய வேண்டுமானால், எழுதியதற்காக அவளைத் திட்டாத மேட்ரனும் வேண்டும்.

இன்று லயங்களில் தமிழர் குறைவு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். அரசாங்கக் கிளினிக்கில் இவர்களுக்குக் கட்டணம் பன்மடங்கு, ஆகவே நோய் முற்றிய பிறகே வருவார்கள். நாட்டில் 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் அடியோடு தடைசெய்த பாராகுவாட் களைக்கொல்லி மருந்தைத் தெளித்த தமிழ்ப் பெண்களின் தோல் புண்ணையும், மூக்கில் வடிந்த இரத்தத்தையும், தெனாகனித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2002-இல் பதிவு செய்தது. இன்று வேறு மருந்து, வேறு கைகள். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய டாக்டர் ராமாசினி 1700-இலேயே எழுதினார். மருந்தடித்து வாந்தியோடு வரும் ஓர் இளைஞனின் அட்டையில் "காய்ச்சல், வயிற்று வலி" என்று மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. என்ன வேலை, எந்த மருந்து, எத்தனை மணிக்கு அடித்தான், கையுறை இருந்ததா என்று எழுத வேண்டும். தோட்ட நிர்வாகம் மருந்துக் கலனின் லேபிளை அவனோடு கூடவே அனுப்ப வேண்டும்.