பாளையம்பட்டியில் இருந்து ரோமாபுரிக்கு!

ரோமாபுரி!

பெயரைக் கேட்டதுமே ராஜா, ராணி, படை, பட்டாளம் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும். அந்த ஊரை நாம் நேரில் பார்க்க முடியுமா? மழையை நம்பிப் பிழைக்கும் மானாவாரி பூமியில் பிறந்த நம்மால் முடிகிற காரியமா?

முடியும். அதற்குக் கோடீசுவரராக இருக்க வேண்டியது இல்லை. ஆனால் யோசித்துப் போக வேண்டும். யோசிக்காமல் போனால் பணமும் போகும். ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்காது.

போன மாதம் பாளையம்பட்டியில் ஒரு அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மதினியும் கூட வந்தார். அண்ணாச்சி கையில் ஒரு வண்ண நோட்டீசு.

"10 நாளில் 7 நாடு" என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்து இருந்தது.

"தம்பி, சீட்டு எடுத்த பணம் 4 லட்சம் கையில இருக்கு. ஆயுசுக்கு ஒரு தடவை. இதுல போகலாமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். 10 நாளில் 2 நாள் ஆகாய விமானத்திலேயே போய்விடும். மிச்சம் 8 நாள். அதில் 7 நாடு! விடியற்காலையில் பெட்டியைக் கட்டு, பஸ்சில் ஏறு, இறங்கு, படம் எடு, மறுபடி ஏறு! கட்டணமும் 4 லட்சத்தைத் தாண்டியது. விசாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் பணம் தனி என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மதினிக்கு வலது முழங்காலில் வலி. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏழு ஊரு எனக்கு எதுக்கு தம்பி? ஒரு ஊரு போதும். ஆனா அதை உட்கார்ந்து, நிதானமாப் பார்க்கணும்."

"எந்த ஊர் மதினி?"

மதினி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை.

"ரோம்தான்!"

பாண்டியன் அனுப்பிய தூது

ஏன் ரோம்? பாரிஸ் இல்லையா, லண்டன் இல்லையா?

இருக்கின்றன. ஆனால் நம் பாண்டிய நாட்டுக்கும் ரோமாபுரிக்கும் 2 ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் உண்டு!

அகஸ்டஸ் என்ற சக்கரவர்த்தி ரோமாபுரியை ஆண்டார். ஆகஸ்டு மாதத்துக்கு அவர் பெயர்தான். அவருக்குப் பரிசுப் பொருள்களோடு தூது அனுப்பியவர் பாண்டியன் என்று ஸ்டிராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்து இருக்கிறார். அந்த அரசர் பாண்டியன் அல்ல, போரஸ் என்று சொல்வோரும் உண்டு என்று அவரே ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

கொற்கை முத்து அங்கே போயிற்று. சேர நாட்டு மிளகு போயிற்று. பருத்தித் துணி போயிற்று. அங்கிருந்து தங்கக் காசும் வெள்ளிக் காசும் வந்தன. மதுரைப் பக்கத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்து இருக்கின்றன. ராமநாதபுரம் கடற்கரையில், வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தோண்டியபோதும் ரோமானியக் காசுகள் கிடைத்தன.

"ஆண்டுதோறும் 5 கோடிக்குக் குறையாத காசை இந்தியா கொண்டு போய்விடுகிறதே" என்ற பொருளில் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் வருத்தப்பட்டு எழுதினார். அவர் வாழ்ந்தது முதல் நூற்றாண்டில்!

இன்னொன்று கேளுங்கள். 408-ம் ஆண்டு அலாரிக் என்ற படைத்தலைவன் ரோமாபுரியை முற்றுகை இட்டான். "விலகிப் போக என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். 5 ஆயிரம் ராத்தல் தங்கம், 30 ஆயிரம் ராத்தல் வெள்ளி கொடுத்தார்கள். அதோடு 3 ஆயிரம் ராத்தல் மிளகும் கொடுத்தார்கள்! தங்கத்தோடு ஒன்றாக நிறுத்துக் கொடுக்கிற சரக்காக மிளகு இருந்தது.

"முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். நான் பார்த்தது இல்லை" என்றார் அண்ணாச்சி.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? நோட்டீசை மடித்து வைத்துவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்தோம்.

முதலில் டிக்கெட் அல்ல!

பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். "டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது" என்று யாராவது சொன்னதும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு விசா கிடைக்காமல் போனால்? மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது.

முதலில் வேண்டியது பாஸ்போர்ட். விருதுநகர் மாவட்டத்தாருக்கு மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். ஆதார் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். நம் பக்கத்தில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. மதினிக்கும் இருந்தது. ஒரு இடத்தில் "ள்", ஒரு இடத்தில் "ல்".

அடுத்தது விசா. இத்தாலிக்குப் போக "ஷெங்கன்" விசா வேண்டும். ஐரோப்பாவில் 29 நாடுகளுக்கு இந்த ஒரே விசா செல்லும். லண்டனுக்குச் செல்லாது; அது தனி.

இந்த விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு 6 மாதம் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கடைசி நேரம் வரை வைத்திருக்காமல், 2 மாதம், 3 மாதம் முன்பே போய்விடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. யூரோ என்பது ஐரோப்பாப் பணம். ஒரு யூரோ 100 ரூபாயை ஒட்டி ஏறும், இறங்கும். விசா மறுத்துவிட்டால் இந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. சென்னைக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும்.

பிரயாண இன்சூரன்சு கட்டாயம். 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாமல் வைத்தியச் செலவை ஏற்கும் பத்திரமாக இருக்க வேண்டும்.

பாங்குக் கணக்கையும் கேட்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "கணக்கில் 5 லட்சம் போட்டுக் காட்டுகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்று சில ஏஜெண்டுகள் வருவார்கள். திடீர் என்று விழுந்த பணம் அதிகாரிகளின் கண்ணுக்கு உடனே தெரியும். அண்ணாச்சிக்குப் பென்சன் மாதாமாதம் வருகிறது. சீட்டுப் பணத்துக்கு ரசீது இருக்கிறது. அது போதும். உள்ளதை உள்ளபடி காட்டினால் பயம் இல்லை.

தங்கும் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் இடம் குறித்து வைத்த சீட்டு வேண்டும். வேண்டாம் என்றால் பணம் திரும்பும்படி குறித்துக் கொள்ளுங்கள். விசா கைக்கு வந்த பிறகு முழுப் பணம் கட்டலாம்.

மதுரை விமான நிலையம் நம் அருப்புக்கோட்டைச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ரோமுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை போய், வளைகுடா ஊர் ஒன்றில் இறங்கி மாறிப் போகலாம்.

எப்போது போவது?

ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் குறையாமல் அடிக்கும், கூட்டமும் நெரியும். ஏப்ரல், மே நல்லது. செப்டம்பர் கடைசி, அக்டோபரும் நல்லது. அண்ணாச்சி அக்டோபர் என்று முடிவு செய்தார்.

4 இரவு தங்குவது என்று வைத்தோம். ஓட்டல் வாடகையோடு, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வது இல்லை.

மிளகுக் கிடங்கைப் பாருங்கள்!

முதல் நாள் ஒன்றும் வேண்டாம். இறங்கியதும் படுத்துத் தூங்க வேண்டும். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

இரண்டாம் நாள் காலை கொலோசியம். வீரர்களும் விலங்குகளும் சண்டை போட்ட வட்டக் கொட்டகை! 80-ம் ஆண்டில் திறந்தார்கள். 50 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பார்களாம். டிக்கெட் 18 யூரோ என்று குறித்துக் கொண்டோம், விலை மாறலாம். ஒரு மாதம் முன்பே இன்டர்நெட்டில் வாங்கிவிட வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

அதே டிக்கெட்டில் பக்கத்தில் உள்ள "போரம்" என்ற பழைய கடைவீதியையும் பார்க்கலாம். அங்கே 3 பெரிய வளைவுகள் வானத்தை முட்டிக் கொண்டு நிற்கும். மாக்சென்டியஸ் மன்னன் கட்டத் தொடங்கிய மண்டபம் அது. அது எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது என்ன தெரியுமா? மிளகுக் கிடங்கு! டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டியது. நம் கரையில் இருந்து கப்பல் ஏறிய மிளகு அங்கேதான் குவிந்து கிடந்தது.

அந்த ஊரில் இன்றும் மிளகுக்கு மதிப்பு உண்டு. "காச்சோ எ பேப்பே" என்று ஓர் உணவு. சேமியா மாதிரி நீளமான மாவுப் பண்டத்தில் ஆட்டுப்பால் கட்டியும் மிளகும் மட்டும் போட்டுப் புரட்டித் தருவார்கள். ரொம்பக் கண்டிப்பான சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். அந்தப் பால்கட்டியை உறைய வைக்க ஆட்டின் இரைப்பையில் இருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். சோறுதான் வேண்டும் என்றால் "டெர்மினி" பெரிய ரெயில் நிலையத்தைச் சுற்றி இந்தியர், வங்காளிகள் நடத்தும் கடைகள் இருக்கின்றன. காபியை நின்று கொண்டே குடியுங்கள். உட்கார்ந்து குடித்தால் பல கடைகளில் விலை அதிகம்!

கண்மாய்க்காரருக்கு ஓர் அதிசயம்

கோட்டை, கோபுரத்தை விட எனக்கு அதிசயமாகப் படுவது அந்த ஊர்த் தண்ணீர்தான். கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்க்கும் ஊரில் பிறந்தவன் அல்லவா?

ரோமாபுரித் தெருக்களில் சுமார் 2,500 இரும்புக் குழாய்கள் உண்டு. இரவும் பகலும் நல்ல தண்ணீர் கொட்டிக் கொண்டே இருக்கும். காசு கிடையாது. "பெரிய மூக்கு" என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிடும்; குனியாமல் குடிக்கலாம். கையில் ஒரு காலிப் பாட்டில் போதும்.

ஊர் நடுவில் "திரேவி" என்று பிரமாண்டமான நீரூற்று இருக்கிறது. 1762-ல் கட்டி முடித்தார்கள். ஆனால் அதற்குத் தண்ணீர் வரும் வழி கி.மு. 19-ல் வெட்டிய கால்வாய்! சுமார் 20 கிலோமீட்டர் தூரம், பெரும்பகுதி பூமிக்கு அடியில். தாகத்தோடு வந்த போர்வீரர்களுக்கு ஒரு சிறு பெண் ஊற்றைக் காட்டினாள் என்பது அந்த ஊர்க் கதை. பழுதானபோது எல்லாம் சரி செய்து, அந்த வழியை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

"நம்ம ஊருல போன வருஷம் வெட்டின வரத்துக் கால்வாயையே காணோம்" என்றார் மதினி.

திரேவியில் முதுகுப்பக்கமாகக் காசு வீசுவது வழக்கம். அந்தக் காசை அள்ளி ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள் வத்திக்கான். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் போப்பாண்டவர் இருக்கும் தனி நாடு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை, வேட்டிக்குக் கவலை இல்லை. ராயப்பர் பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. ஓவியங்கள் உள்ள மியூசியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள்.

நான்காம் நாள் "பாந்தியன்".

"பாண்டியன் கோவிலா?" என்று கேட்டார் மதினி.

இல்லை, மதினி. எல்லாத் தெய்வங்களுக்கும் உரியது என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1,900 ஆண்டு பழைமை. 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே கூரை, நடுவில் ஒரு தூண் கூட இல்லை! உச்சியில் வட்டமான திறப்பு. மழை பெய்தால் உள்ளே விழும். தரையில் உள்ள துவாரங்கள் வழியாக ஓடிவிடும்.

முழங்கால் கவனம்! ரோமாபுரித் தெரு எல்லாம் கருங்கல் பாவியது. மேடு பள்ளமாக இருக்கும். தட்டையான பூட்ஸ் போடுங்கள். "ஸ்பானியப் படிகள்" என்ற இடத்தில் 135 படி உண்டு. நம் கோவில் படி மாதிரி அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். 250 யூரோ அபராதம்! 64-ம் நம்பர் பஸ்சில் ஜேப்படிக்காரர்கள் அதிகம். பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில் வையுங்கள்.

அண்ணாச்சிக்கு ஓர் ஆசை. நேப்பிள்ஸ் நகர் மியூசியத்தில் ஒரு தந்தப் பொம்மை இருக்கிறது. 79-ல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பாம்பே என்ற ஊரில், 1938-ல் தோண்டி எடுத்தது. இந்தியாவில் செதுக்கிய பெண் உருவம்! ரோமில் இருந்து வேக ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

"ஒரு நாள் கூட்டிக்கிட்டா என்ன?" என்றார்.

"ஒரு ஊருன்னு பேசினோம்" என்றார் மதினி.

அண்ணாச்சி காகிதத்தில் நேப்பிள்சை அடித்தார். ஆனால் லேசாகத்தான் அடித்தார்.

வரும் புதன்கிழமை மதுரையில் பாஸ்போர்ட்டுக்கு நேரம் கொடுத்து இருக்கிறார்கள். மதினி ஒரு வாரமாகப் பழைய நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார். காலை 6 மணி பஸ்சுக்கு இருவரும் நிற்பார்கள்.