நியூசிலாந்து திருத்திய ஓட்டுக் கணக்கு

நியூசிலாந்தில் 1981 தேர்தலில் சோஷியல் கிரெடிட் கட்சிக்கு நூற்றுக்கு 20.7 ஓட்டு. 92 இடங்களில் கிடைத்ததோ இரண்டே இரண்டு! 1978, 1981 இரண்டு முறையும் கூடுதல் ஓட்டு வாங்கிய லேபர் கட்சி எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தது. தொகுதியில் முந்தியவரே வென்றவர். மற்றவருக்கு விழுந்த ஓட்டு கணக்கிலேயே வராது. நம் மக்களவைக்கும் இதே முறைதான். பேரேட்டை இப்படி எழுதினால் கூட்டாளி விடுவானா?

1993 பொதுவாக்கெடுப்பில் 53.9 விழுக்காட்டினர் மாற்றத்தை ஏற்றனர். 1996 முதல் ஒருவருக்கு இரண்டு ஓட்டு: தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. கட்சி ஓட்டின் விகிதப்படி மொத்த இடம். தொகுதிகளில் ஜெயித்தது போக மிச்சத்தைக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள்.

ஆனால் ஐந்து விழுக்காடாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும் என்று ஒரு வேலி போட்டார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. 2008இல் 3.65 விழுக்காடு வாங்கிய ஆக்ட் கட்சிக்கு, ஒரு தொகுதி கைக்கு வந்ததால் ஐந்து இடம். 4.07 வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சிக்கு ஒன்றுமில்லாமல் போச்சு.